சேலம் மாவட்ட மதுவிலக்கும் விற்பனை வரியும் (1937–1948)

1937 அக்டோபர் 1ஆம் நாள் சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. அன்று முதல் அம்மாவட்டத்தில் கள் இறக்குவதும், சாராயம் காய்ச்சுவதும், அவற்றை விற்பதும், வாங்கிக் குடிப்பதும் குற்றமாயின. மாகாணங்களில் அவ்வாண்டு பொறுப்பேற்ற காங்கிரஸ் அமைச்சரவைகள் கொண்டுவந்த முழு மதுவிலக்குகளில் இதுவே முதலாவது.

இதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் காந்தியக் கொள்கை வென்றதா தோற்றதா என்ற கேள்வியோடு நின்றுவிடுகின்றனர். ஆனால் சென்னைக் கோட்டையில் எழுதப்பட்ட ஒரு சட்டம் கூலியாளின் மடியிலும், மரமேறியின் கலயத்திலும், கடைக்காரரின் கணக்குப் புத்தகத்திலும் எப்படி நுழைந்தது என்பதை அறிய விரும்பும் மாணவருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஒரு வீட்டுக்கு வந்த நன்மை இன்னொரு வீட்டின் அடுப்படியில் சுமையாக இறங்கியதையும், அரசு இழந்த பணத்தை ஈடுகட்ட வந்த வரி அந்த மதுவிலக்கையே விஞ்சி வாழ்ந்ததையும் இங்கே காணலாம்.

மாகாணமும் மாவட்டமும்

மாகாணம் என்பது இன்றைய மாநிலத்துக்கு முந்தைய ஏற்பாடு. அன்றைய சென்னை மாகாணத்தில் இன்றைய தமிழ்நாட்டின் பெரும்பகுதியோடு ஆந்திரக் கடற்கரை மாவட்டங்கள், ராயலசீமை, மலபார், தென் கன்னடம் ஆகியவையும் அடங்கியிருந்தன. சேலம் மாவட்டமும் இன்றைய அளவில் இல்லை. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் மாவட்டங்களையும் சேர்த்துக்கொண்டு ஓசூர் முதல் காவிரிக் கரை வரை பரந்திருந்தது. 1965இல் தருமபுரியும், 1997இல் நாமக்கல்லும் தனி மாவட்டங்களாயின. கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது.

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணத் துறைகள் எல்லாவற்றையும் மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சர்களிடம் ஒப்படைத்தது. அதற்கு முந்தைய இரட்டையாட்சியில் கல்வியும் கலாலும் இந்திய அமைச்சர்களிடம் இருந்தன. நிதித் துறையோ ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம் இருந்தது. கலாலை ஒழிக்க நினைத்த அமைச்சருக்கும் அந்தப் பணத்துக்கு வேறு வழி காணும் அதிகாரம் கிடையாது. 1937 ஜூலை 14 அன்று பதவியேற்ற சி. ராஜகோபாலாச்சாரி இந்த முடிச்சை அவிழ்க்கக்கூடிய இடத்தில் இருந்தார். மாகாணத்தின் தலைமை அமைச்சர் பொறுப்போடு நிதியையும் அவரே வைத்துக்கொண்டார். கடையை மூடச் சொன்னவரே கஜானாவுக்கும் பதில் சொல்ல வேண்டியவரானார்.

அவர் சேலத்தைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. அங்கேதான் அவர் வழக்கறிஞராக இருந்தார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தார். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ என்ற இதழை 1929இல் அந்த ஆசிரமத்திலிருந்து நடத்தினார். பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளர் கல்கி அதில் துணையாக இருந்தார். பக்கத்து ஊர்களில் யார் வீட்டில் எவ்வளவு கூலி வருகிறது, அதில் எவ்வளவு கள்ளுக்கடைக்குப் போகிறது என்பது ஆசிரமத்தாருக்குக் கண்ணெதிரே தெரிந்த செய்தி. சட்டத்தை மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தும் பொறுப்பு ஆங்கிலேயரான கலெக்டர் ஏ. எஃப். டபிள்யூ. டிக்சனிடம் இருந்தது.

கூலி வீட்டுக்கு வந்தபோது

கிராமத்துக் கள்ளுக்கடை வெறும் விற்பனை இடமாக மட்டும் இருந்ததில்லை. அரசு ஆண்டுதோறும் கடைகளை ஏலம் விட்டது. ஏலம் எடுத்தவர் கட்டிய பணத்துக்கு மேல் சம்பாதிக்க வேண்டும். எனவே கடனுக்கும் ஊற்றினார். கூலி கொடுக்கும் நாள், சந்தை கூடும் நாள் ஆகியவற்றை ஒட்டியே வியாபாரம் நடந்தது. வயல் கூலிகள், தறி நெய்வோர், சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத் தொழிலாளர் ஆகியோரின் பணம் வீட்டு வாசலை எட்டும் முன்பே பாதி கரைந்துவிடும். தானியமாகக் கூலி வாங்கியவர்கள் தானியத்தையே கொடுத்துக் குடித்ததும் உண்டு.

இந்த நிலையில் கடை மூடியதன் முதல் விளைவு பெண்களின் கையில் தெரிந்தது. மதுவிலக்கின் பொருளாதார விளைவுகளைப் பற்றி சி. ஜகந்நாதாச்சாரி தயாரித்த அறிக்கையை மாகாண அரசு 1939இல் வெளியிட்டது. 1937 அக்டோபர் முதல் 1938 செப்டம்பர் வரையிலான முதல் ஓராண்டை அது ஆராய்ந்தது. குடித்த பணம் உணவு, துணி, கடன் அடைத்தல் ஆகியவற்றுக்குத் திரும்பியது என்பதே அதன் போக்கு. கள்ளுக்கடையில் கழிந்த மாலை நேரம் காப்பி, டீக் கடைப் பக்கம் நகர்ந்ததும் அக்காலத்தில் பலர் கவனித்த மாற்றம்.

அரசே வெளியிட்ட அறிக்கை என்பதால் அதை முழுக்கத் தள்ளிவிட வேண்டியதில்லை. அப்படியே ஏற்றுக்கொள்ளவும் வேண்டியதில்லை. ஏனெனில் அதே காலத்தில் இன்னொரு மாகாணச் சட்டமும் அதே குடும்பங்கள் பலவற்றைத் தொட்டது. 1938ஆம் ஆண்டின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் 1க்கு முன் வாங்கிய கடனுக்கு 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த வட்டி முழுவதும் தீர்ந்ததாகக் கருதப்படும் என்றது. அசலைப் போல் இரு மடங்கு ஏற்கனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. சேலத்தில் கள்ளுக்கடை மூடிய நாளும், வட்டிக் கணக்கு வெட்டப்பட்ட நாளும் ஒன்றே. சிறு நிலம் வைத்திருந்த ஒரு குடும்பம் 1938இல் கொஞ்சம் நிமிர்ந்தது என்றால் அது கள் நின்றதாலா, வட்டி நின்றதாலா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

நிலமில்லாக் கூலியின் வீட்டில் இந்தக் குழப்பம் குறைவு. கடன் சட்டம் நிலத்தில் ஏதாவது உரிமை உள்ளவரையே விவசாயி என்று கொண்டது. கூலியாள் அதில் வரமாட்டார். அவர் வீட்டில் சோறு கூடியது என்றால் மதுவிலக்குக்கு அதில் பங்கு உண்டு என்று துணிந்து சொல்லலாம்.

சட்டம் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அயல்நாட்டு மது அருந்திப் பழகியவர்களுக்குப் பெர்மிட் வழங்க அதில் இடம் இருந்தது. கண்ணாடிக் குப்பியில் குடிப்பவருக்குத் தாளில் ஒரு வழி இருந்தது. மண் கலயத்தில் குடிப்பவருக்கு இல்லை.

மாவட்ட எல்லையும் சட்டத்துக்கு ஒரு சோதனையாக இருந்தது. காவிரியின் கிழக்குக் கரையில் குமாரபாளையமும் பள்ளிபாளையமும் சேலம் மாவட்டம். எதிர்க்கரையில் பவானியும் ஈரோடும் கோயம்புத்தூர் மாவட்டம். ஒத்துழையாமை இயக்கக் காலத்தில், 1921இல், ஈ. வெ. ராமசாமியின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்று கள்ளுக்கடை மறியல் நடத்திய ஊர் ஈரோடு. பதினாறு ஆண்டுகள் கழித்து மதுவிலக்கு வந்தபோது அது ஆற்றின் இக்கரையோடு நின்றது.

மரமேறியின் வீடு

மதுவிலக்கைப் பற்றிய பேச்சில் குடித்தவரின் குடும்பம் இடம்பெறும் அளவுக்கு இறக்கியவரின் குடும்பம் இடம்பெறுவதில்லை. சேலம் மாவட்டத்தில் பனை, தென்னை, ஈச்சை ஆகிய மூன்றிலும் கள் இறக்கினர். மரமேறிகளில் பலருக்கு மரம் சொந்தம் கிடையாது. மரத்துக்காரருக்கு வாடகை, அரசுக்கு மரவரி, கடை ஏலம் எடுத்தவருடன் பேசிய விலை என்று மூன்று பக்கமும் கணக்குக் கொடுத்து மிஞ்சியதே அவர்கள் வருமானம். கடை மூடியதும் இந்தச் சங்கிலி முழுவதும் அறுந்தது. மரத்துக்காரருக்கு வாடகை போயிற்று. கடைச் சிப்பந்திகளுக்கு வேலை போயிற்று. கலயம் வனைந்த குயவருக்கும், கடை வாசலில் சுண்டலும் வறுத்த கருவாடும் விற்ற பெண்களுக்கும் வாடிக்கை போயிற்று. இவர்களில் மரமேறியின் நிலையே மிகக் கடினம். அவர் கற்ற தொழில் ஒன்றே; அதுவும் தந்தையிடமிருந்து கற்றது.

அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் பனஞ்சாறு புளிக்காது. அதுவே பதநீர், கொங்கு வட்டாரத்தில் தெளுவு என்பார்கள். உரிமம் பெற்றுத் தெளுவு இறக்கலாம், அதைக் காய்ச்சி வெல்லமாக்கலாம் என்று வழி செய்யப்பட்டது. வெல்லம் காய்ச்சுவோருக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் அமைக்கப்பட்டன. காகிதத்தில் பார்த்தால் அதே மரம், அதே ஆள், அதே பாளை; கலயத்துக்குள் இருந்த சுண்ணாம்பு மட்டும் புதிது. சட்டத்துக்கும் குற்றத்துக்கும் இடையே இருந்தது அந்த ஒரு பூச்சுதான். சுண்ணாம்பு குறைந்தால் சாறு புளிக்கும், புளித்தால் அது கள், கள்ளானால் வழக்கு. ஐம்பது அறுபது அடி உயரத்தில் தொங்கும் கலயத்துக்குள் இருப்பதைச் சோதிக்கும் உரிமை அதிகாரியிடம் இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், மரமேறி யாருக்கெல்லாம் பணிந்து நடக்க வேண்டியிருந்தது என்பது விளங்கும்.

வேலைக் கணக்கும் மாறியது. கள்ளுக்கு அடுப்பு வேண்டியதில்லை. ஆண் மரமேறி இறக்கிக் கடையில் கொடுத்தால் முடிந்தது. வெல்லம் அப்படியல்ல. தெளுவை அன்றன்றே காய்ச்சியாக வேண்டும், வைத்திருந்தால் கெட்டுவிடும். ஏறக்குறைய 8 முதல் 10 லிட்டர் தெளுவைச் சுண்டக் காய்ச்சினால்தான் 1 கிலோ வெல்லம் கிடைக்கும். அதற்கு விறகு வேண்டும். மணிக்கணக்கில் அடுப்பின் முன் நின்று கிண்ட ஆள் வேண்டும். இந்த இரண்டும் மரமேறியின் மனைவி, மகள் மேல் விழுந்தன. பனை வெல்லத் தொழில் நடக்கும் ஊர்களில் இன்றும் காய்ச்சும் வேலை பெரும்பாலும் பெண்களுடையதே. கூலியாளின் மனைவிக்குக் கணவனின் சம்பளத்தைத் திருப்பித் தந்த அதே சட்டம், மரமேறியின் மனைவிக்குக் கூலியில்லாத ஒரு வேலையைத் தந்தது. இருவரும் ஒரே ஊரில், சில சமயம் அடுத்தடுத்த தெருவில் வாழ்ந்தவர்கள். மதுவிலக்கின் நன்மையைக் கணக்கிட்டவர்கள் இந்த அடுப்பையும் கணக்கில் சேர்த்திருந்தால் படம் இன்னும் முழுமையாக இருந்திருக்கும்.

இச்சமூகங்களுக்குள் மதுவிலக்குக்கு எதிர்ப்பு மட்டுமே இருந்தது என்று கொள்ளக் கூடாது. கள் இறக்கும் கிராமணி சமூகத்தில் பிறந்த ம. பொ. சிவஞானம் அதன் உறுதியான ஆதரவாளர்களில் ஒருவர். தொழிலோடு ஒட்டிய இழிபெயரிலிருந்து விடுபட இதை ஒரு வாய்ப்பாகக் கண்டவர்கள் அச்சமூகங்களில் இருந்தனர். அவர்களுக்கும் வயிற்றுப்பாடு வேறு கேள்வியாகவே நின்றது.

கள்ளச்சாராயம் எல்லா மதுவிலக்குக்கும் கூடப்பிறந்தது. வெல்லத்தையும் வேலம்பட்டையையும் பானையில் ஊறப்போட்டு மலையடிவாரத்திலும் ஓடைக்கரையிலும் காய்ச்சினர். மதுவுக்கு மாற்றாக ஊக்குவிக்கப்பட்ட வெல்லமே ஊறலுக்கும் முதல் பொருளானது.

பள்ளிக்கூடப் பணம்

அக்காலத்தில் மாகாண வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கலாலிலிருந்து வந்தது. கல்வியும் கலாலும் ஒரே மாகாணக் கஜானாவைச் சேர்ந்தவை. ஆகவே கள்ளுக்கடையை மூடினால் பள்ளிக்கூடத்துக்குப் பணம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. அது குதர்க்கக் கேள்வி அன்று. ஆரம்பப் பள்ளி ஆசிரியரின் சம்பளத்தில் ஒரு பகுதி உண்மையாகவே கள்ளிலிருந்து வந்துகொண்டிருந்தது.

காந்தி இந்தக் கேள்வியைத் தவிர்க்கவில்லை. 1937இல் ‘ஹரிஜன்’ இதழில் அவர் எழுதியவற்றில் மதுவிலக்கும் கல்விச் செலவும் சேர்ந்தே பேசப்பட்டன. குழந்தைகளின் கைத்தொழில் வழியே பள்ளி தன் செலவைத் தானே ஈடுகட்ட வேண்டும் என்பது அவர் விடை. அவ்வாண்டு அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடும், ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழுவும், பின்னர் ஆதாரக் கல்வி என்று பெயர் பெற்ற திட்டமும் அதிலிருந்து பிறந்தன. கைத்தொழில் கல்விக்கு வேறு நல்ல காரணங்களும் உண்டு. ஆனால் குழந்தை நூற்ற நூலில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்ற கணக்கு எந்த வகுப்பறையிலும் நெடுநாள் நிற்கக் கூடியதாக இல்லை. ராஜகோபாலாச்சாரி நிதியமைச்சராக நம்பியது வேறொரு வழியை.

நூற்றுக்கு அரை ரூபாய்

மதுவிலக்கு சேலத்தோடு நிற்கவில்லை. 1938 அக்டோபர் 1 அன்று சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939 அக்டோபர் 1 அன்று வட ஆற்காட்டுக்கும் நீட்டப்பட்டது. ஒவ்வொரு மாவட்டம் சேரும்போதும் கலால் வருவாயில் ஒரு துண்டு விழுந்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் பொருள் விற்பனை மீது வரி போடும் அதிகாரத்தை மாகாணங்களுக்குத் தந்திருந்தது. அதுவரை எந்த மாகாணமும் எல்லாப் பொருள்களுக்கும் பொதுவாக அதைப் பயன்படுத்தியதில்லை. 1939இல் சென்னை மாகாணம் பொது விற்பனை வரிச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டில் மோட்டார் எரிபொருள் விற்பனைக்கும், கேளிக்கைகளுக்கும் தனித்தனி வரிச் சட்டங்கள் வந்தன. சினிமா டிக்கெட்டிலும் மதுவிலக்கின் விலை ஏறியது எனலாம்.

விற்பனை வரியின் அமைப்பு எளிமையானது. ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்குக் குறைவாக விற்பவருக்கு வரி இல்லை. 20,000 ரூபாய் வரை விற்பவர் மாதம் 5 ரூபாய் கட்ட வேண்டும். அதற்கு மேல் விற்பவர் மொத்த விற்பனையில் நூற்றுக்கு அரை ரூபாய் கட்ட வேண்டும். அரை ரூபாய் சிறிதாகத் தெரியும். ஆனால் ஒரு பொருள் ஆலையிலிருந்து மொத்த வியாபாரிக்கும், அவரிடமிருந்து ஊர்க் கடைக்கும் கைமாறும் ஒவ்வொரு முறையும் இந்த வரி உண்டு. வாங்கும் வீட்டுக்குச் சேரும்போது அது அரை ரூபாயாக இருக்காது. குடித்தவர் மட்டுமே கட்டிய பணத்தை இப்போது குடிக்காதவரும் சேர்ந்து கட்டினார். ஒரு முறைகூடக் கள்ளுக்கடையை எட்டிப் பார்க்காத குடும்பமும் எண்ணெய்க்கும் சோப்புக்கும் கூடுதல் காசு கொடுத்தது. இது நியாயமா என்ற வாதம் சட்டமன்றத்திலும் வணிகர் கூட்டங்களிலும் சூடாக நடந்தது.

வணிகர்களை வரித்தொகையைவிட அதிகமாக உறுத்தியது கணக்கு. அதுவரை மளிகை, ஜவுளி, எண்ணெய் வியாபாரிகளின் பேரேடு குடும்ப விஷயம். அண்ணன் தம்பிக்குள் தெரிந்தால் போதும். இனி ஆண்டு விற்பனையை அரசு அதிகாரியிடம் காட்ட வேண்டும். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் தாமே ஒரு தொகையை மதிப்பிடுவார். வழக்குகளும் தொடங்கின. கடலை எண்ணெய் உற்பத்தி செய்து விற்ற போட்டு பைடண்ணா நிறுவனம், உற்பத்தியாளரின் முதல் விற்பனைக்கு மாகாணம் வரி போடக் கூடாது, அது மத்திய அரசின் உற்பத்தித் தீர்வைக்கு உரிய இடம் என்று வாதாடியது. 1942இல் கூட்டாட்சி நீதிமன்றம் மாகாணத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலும் 1945இல் அதே நிலையை எடுத்தது. இந்தியா முழுவதும் மாகாணங்கள் தயக்கமின்றி விற்பனை வரி போட இந்தத் தீர்ப்புகள் வழிவிட்டன.

வரி தங்கியது

தீர்ப்புகள் வந்தபோது வரியைக் கொண்டுவந்த அமைச்சரவை பதவியில் இல்லை. இந்தியாவைக் கேட்காமல் உலகப் போரில் இழுத்துவிட்டதைக் கண்டித்து 1939 அக்டோபரில் அது விலகியது. ஆளுநரும் அவருடைய ஆலோசகர்களும் நடத்திய போர்க்கால ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. சேலத்தில் கடைகள் மீண்டும் திறந்தன. மதுவால் வரும் பணம் கஜானாவுக்குத் திரும்பியது. அந்தப் பணம் போனதால் போடப்பட்ட விற்பனை வரி அப்படியே இருந்தது. நிதிக் கணக்கில் இது இரட்டை லாபம். அதை விட்டுக்கொடுக்கும்படி எந்த அரசையும் யாரும் வற்புறுத்த முடியவில்லை.

மீண்டும் வந்த காங்கிரஸ் ஆட்சி 1946 முதல் மாவட்டம் மாவட்டமாக மதுவிலக்கைத் திரும்பக் கொண்டுவந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் அது நடைமுறையானது. அப்போது இழந்த கலாலைத் தாங்கிக்கொள்ள விற்பனை வரி ஏற்கனவே வளர்ந்து நின்றது. 1937இல் ஒரு மாவட்டத்தை மூடத் தயங்கிக் கணக்குப் பார்த்த மாகாணம், பதினொரு ஆண்டுகளில் எல்லா மாவட்டங்களையும் மூட முடிந்ததற்கு அந்த வரி ஒரு முக்கியமான காரணம்.

அதற்குப் பிந்தைய கதை பலருக்கும் தெரிந்ததே. 1971 ஆகஸ்டு 30 அன்று மு. கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தள்ளிவைத்தது. 1973இல் கள்ளுக்கடைகளையும் 1974இல் சாராயக்கடைகளையும் மூடியது. 1981இல் எம். ஜி. ராமச்சந்திரன் ஆட்சியில் கடைகள் மறுபடி திறந்தன. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகமான டாஸ்மாக் தொடங்கப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. தமிழ்நாட்டில் கள் இறக்குவது இன்றும் தடையில்தான் இருக்கிறது. 1937இல் சேலத்துக்காக இயற்றப்பட்ட 10ஆம் எண் சட்டம் ரத்தாகவில்லை. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் என்ற பெயரில் நடைமுறையில் உள்ளது. அரசின் மதுக்கடைகள் இயங்குவதும் அந்தச் சட்டத்தின்கீழ் இயற்றப்பட்ட விதிகளின்படியே.

விற்பனை வரி 1959இல் புதிய சட்டமாகவும், 2007இல் மதிப்புக்கூட்டு வரியாகவும் உருமாறியது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது பெரும்பாலான பொருள்கள் மாநிலத்தின் கையை விட்டுப் போயின. மாநிலமே வரி விதிக்கக் கூடியவையாக எஞ்சியவற்றில் முக்கியமானவை பெட்ரோல், டீசல், மது. 2023-24இல் டாஸ்மாக் வழியே தமிழ்நாடு அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் கலால் தீர்வையின் பங்கு சிறியது. பெரும் பங்கு, 1939இன் விற்பனை வரியின் வழிவந்த அந்த மதிப்புக்கூட்டு வரியே.